சப்வூஃபருக்கு எதுக்கு பெட்டி, எவ்ளோ பெரிய பெட்டி?

சின்ன வயசுல எங்க மாமா டீக்கடையில ஒரு பெரிய மண்பானை இருக்கும், அது வாயில ஒரு 8 இன்ச் ஸ்பீக்கரை மல்லாக்க வச்சு சுத்தி இடைவெளி இல்லாம களிமண்ணு பூசி வச்சிருப்பாரு. தெருமுனையில திரும்பும்போதே பாட்டுல வர்ற தவில் அடி கேட்க ஆரம்பிச்சுடும். ஒரு நாள் பானையில விரிசல் விட்டுச்சுனு மாத்துறதுக்காக மாமா அந்த ஸ்பீக்கரை பேத்து கையில தூக்கினாரு, பாட்டு நிக்கல, வயரும் கழட்டல, ஆனா தூக்கின அந்த நொடியே தவில் காணாம போச்சு, பாடுறவங்க குரல் மட்டும் சன்னமா கீச்சுனு வருது. திரும்ப வேற பானையில உக்கார வச்சதும் தவில் வந்துடுச்சு. அதே ஸ்பீக்கர், அதே ஆம்ப், அதே கேசட். பெட்டி கட்டுறது பத்தி யார் கேட்டாலும் நான் இதுல இருந்துதான் ஆரம்பிப்பேன், ஏன்னா ஸ்பீக்கருக்கு பெட்டி வெறும் சட்டை மாதிரினுதான் நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க. சப்வூஃபர்னா அடி பேஸை மட்டும் பாடுற ஸ்பீக்கர், அதை பொறுத்தவரை பெட்டிதான் பாதி ஸ்பீக்கர்.

ஏன் அப்படினு பார்ப்போம். ஸ்பீக்கர் கோன், அதாவது முன்னாடி பின்னாடி ஆடுற அந்த கூம்பு, முன்னாடி தள்ளும்போது முன்னாடி இருக்கிற காத்து அழுந்துது, அதே நேரத்துல கோனுக்கு பின்னாடி காத்து இழுபடுது. அதாவது முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நேரத்துல நேர் எதிரான ரெண்டு சத்தம் உண்டாகுது. கீழ் ஸ்தாயி சத்தத்தோட அலை ரொம்ப நீளம், 40 ஹெர்ட்ஸ்னா ஒரு அலை கிட்டத்தட்ட 8 மீட்டருக்கு மேல, 28 அடினு வச்சுக்கோங்க, ஒரு ஹால் அளவு. இவ்ளோ பெரிய அலைக்கு முன்னாடி 10 இன்ச் ஸ்பீக்கர் ஒரு தடையே கிடையாது, முன்னாடி அழுந்தின காத்து ஓரமா சுத்தி பின்னாடி இருக்கிற பள்ளத்துல போய் நிரம்பிடுது, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அழிச்சுடுது. மேல் ஸ்தாயி சத்தத்துக்கு அலை சின்னது, அது சுத்தி வர்றதுக்குள்ள உங்க காதுக்கு வந்து சேர்ந்துடும், அதனாலதான் மாமா கையில தூக்கினப்போ குரல் மட்டும் மிஞ்சுச்சு.

நம்பிக்கை வரலைனா ஒரு பெரிய டிவி வந்த அட்டைப்பெட்டியோட ஒரு பக்கத்தை எடுத்து நடுவுல ஸ்பீக்கர் அளவுக்கு ஓட்டை வெட்டி, சின்ன சத்தத்துல பாட்டு ஓடுற ஸ்பீக்கரை அந்த ஓட்டையில ஒட்ட வச்சு பாருங்க, வெறும் அட்டைதான், ஆனா பேஸ் கூடுறது காதுல தெளிவா தெரியும். பின்பக்க சத்தம் முன்னாடி வர்ற வழி நீளமாயிடுச்சு, அவ்ளோதான் விஷயம். அந்த வழியை மொத்தமா அடைச்சுட்டா அதுதான் மூடின பெட்டி. மாமாவோட பானையும் அதேதான்.

இப்போ அடுத்த கேள்வி, எவ்ளோ பெரிய பெட்டி. இங்கதான் எல்லாரும் சறுக்குற இடம். சைக்கிள் பம்ப் வாயை விரலால அடைச்சுட்டு கைப்பிடியை அழுத்தி பாருங்க, திருப்பி உந்தும். அடைபட்ட காத்து ஸ்பிரிங் மாதிரி. மூடின பெட்டிக்குள்ள இருக்கிற காத்தும் கோனுக்கு பின்னாடி ஒரு ஸ்பிரிங்தான், பெட்டி சின்னதா இருந்தா ஸ்பிரிங் கெட்டி, பெருசா இருந்தா இளசு. கோனை சுத்தி விளிம்புல இருக்கிற வளையமான சரவுண்டும், உள்ள மஞ்ச கலர்ல வரி வரியா இருக்கிற ஸ்பைடரும் ஏற்கனவே ஒரு ஸ்பிரிங், அதோட காத்து ஸ்பிரிங்கும் சேருது, ரெண்டும் சேர்ந்துதான் கோன் எவ்ளோ கீழ வரைக்கும் இறங்கி பாடும்னு முடிவு பண்ணுது. இந்த காத்து ஸ்பிரிங்கை வேணும்னே பயன்படுத்தி சின்ன பெட்டியில ஆழமான பேஸ் கொண்டு வந்தவரு அமெரிக்காவுல எட்கர் வில்ச்சர், 1954ல அவரோட ஏஆர்-1 ஸ்பீக்கர் வந்துச்சு. அதுக்கு முன்னாடி நல்ல பேஸ் வேணும்னா பீரோ அளவுக்கு பெட்டி வேணும்னு இருந்த காலம், அவரு கோனை ரொம்ப தளர்வா தொங்க விட்டு ஸ்பிரிங் வேலையை பெட்டிக்குள்ள இருக்கிற காத்துக்கிட்டயே கொடுத்துட்டாரு.

பெட்டி அளவை கண்ணால பார்த்து சொல்ல முடியாது, ஸ்பீக்கரோட மூணு எண்ணு வேணும். ஒண்ணு எஃப்எஸ், அதாவது பெட்டி இல்லாம தொங்கும்போது கோன் தானா எந்த ஹெர்ட்ஸ்ல ஆட ஆசைப்படுதுங்கிறது. ரெண்டாவது விஏஎஸ், கோனோட ஸ்பிரிங் எத்தனை லிட்டர் காத்துக்கு சமமான இளசுனு சொல்றது. மூணாவது க்யூடிஎஸ், ஆட ஆரம்பிச்ச கோனை மேக்னட்டும் மத்ததும் எவ்ளோ இறுக்கமா பிடிச்சு நிறுத்துதுனு சொல்றது, இது சின்ன எண்ணா இருந்தா பிடி இறுக்கம், பெருசா இருந்தா பிடி தளர்வு. இந்த எண்ணெல்லாம் வச்சு கணக்கு போடுற வழியை ஆஸ்திரேலியாவுல நெவில் தீல் 1961லயே எழுதிட்டாரு, 1970களோட ஆரம்பத்துல ரிச்சர்ட் ஸ்மால் அதை இன்னும் விரிவாக்கினாரு, அதனாலதான் ஸ்பீக்கர் கூட வர்ற தாள்ல தீல்-ஸ்மால்னு போட்டிருக்கும். வாங்கும்போது இந்த தாள் இருக்கிற ஸ்பீக்கரா பார்த்து வாங்குங்க, நெட்ல மாடல் நம்பர் போட்டாலே பெரும்பாலும் கிடைச்சுடும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற இடத்துல பேரு இல்லாத வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) பெரிய மேக்னட்டோட பளபளனு இருக்கும், விலையும் கம்மியா இருக்கும், ஆனா எண்ணு இல்லாத ஸ்பீக்கருக்கு பெட்டி கட்டுறது அளவு எடுக்காம சட்டை தைக்கிறது மாதிரி.

கணக்கு பயப்படுற அளவுக்கு இல்ல. உதாரணத்துக்கு ஒரு 10 இன்ச் வூஃபர், எஃப்எஸ் 30 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 60 லிட்டர்னு வச்சுக்குவோம். பெட்டிக்குள்ள போட்டதும் அந்த க்யூடிஎஸ் எண்ணு கூடும், அதாவது பிடி தளரும், அதை க்யூடிசினு சொல்வாங்க, அது 0.707 வந்தா சத்தம் மேடு பள்ளம் இல்லாம நேரா போய் அப்புறம் மெதுவா இறங்கும், ஆரம்பத்துக்கு இதையே குறியா வச்சுக்கோங்க. 0.707ஐ 0.45ஆல வகுத்தா 1.571. அதை அதாலயே பெருக்கினா 2.468. அதுல 1 கழிச்சா 1.468. இப்போ விஏஎஸ் 60ஐ இந்த 1.468ஆல வகுத்தா கிட்டத்தட்ட 41 லிட்டர், அதுதான் உங்க பெட்டி. அந்த 1.571ஐ எஃப்எஸ் 30ஓட பெருக்கினா 47 ஹெர்ட்ஸ், அந்த இடத்துக்கு கீழதான் சத்தம் குறைய ஆரம்பிக்கும்.

இதே வூஃபரை 20 லிட்டர் பெட்டியில போட்டா க்யூ 0.9க்கு ஏறி, 47 ஹெர்ட்ஸ் 60 ஆயிடும், ஆழம் போச்சு. இன்னும் அடக்கி 10 லிட்டர்ல போட்டா க்யூ 1.19, அந்த 47 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட 79 ஆகி அதுக்கு கொஞ்சம் மேல ஒரு மேடு விழும், எந்த பாட்டு போட்டாலும் ஒரே சுருதியில கும் கும்னு அடிக்கும், அதை நிறைய பேர் நல்ல பேஸ்னு நினைச்சுக்கிறாங்க. மிருதங்கத்துல தொப்பி பக்கம் அடிக்கிறதும் கிட்டார்ல பேஸ் கம்பி இழுக்கிறதும் ஒரே மாதிரி கேட்டா அந்த பெட்டி சின்னதுனு அர்த்தம்.

நான் முதல் பெட்டி கட்டினப்போ கடைக்காரர் ஒரு கன அடி போதும்னு சொன்னாரு. நான் ஒரு அடிக்கு ஒரு அடிக்கு ஒரு அடினு வெளி அளவுல வெட்டி ஒட்டிட்டேன். அவரு சொன்னது உள்ள இருக்கிற காத்தோட அளவு, அது 28 லிட்டர். 18 மில்லி பிளைவுட்ல வெளி அளவு ஒரு அடினா உள்ள ஒவ்வொரு பக்கமும் 27 சென்டிமீட்டர் கூட இல்ல, மொத்தமே 19 லிட்டர் சொச்சம்தான், அதுலயும் வூஃபரோட மேக்னட் ஒன்றரை லிட்டர் எடுத்துக்கிச்சு. மூணுல ஒரு பங்குக்கு மேல காத்து போச்சு. ரெண்டு வாரம் ஆம்பையும் வயரையும் மாத்தி மாத்தி பார்த்துட்டு கடைசியில டேப்பை உள்ள விட்டு அளந்தப்பதான் புரிஞ்சுது. அதனால எப்பவும் உள் அளவுல கணக்கு போடுங்க, வூஃபர் உடம்புக்கும் உள்ள வைக்கிற தாங்கு கட்டைக்கும் ரெண்டு மூணு லிட்டர் சேர்த்துக்கோங்க.

நம்ம 41 லிட்டருக்கு அப்படி சேர்த்தா 43, 44 வருது. உள்ள அகலம் 35, ஆழம் 32, உயரம் 39 சென்டிமீட்டர் வச்சா 43.7 லிட்டர். 18 மில்லி பலகையில வெட்டுறதுனா முன்னாடியும் பின்னாடியும் 38.6க்கு 42.6ல ரெண்டு, மேலயும் கீழயும் 38.6க்கு 32ல ரெண்டு, ரெண்டு பக்கவாட்டு 32க்கு 39ல. மொத்தம் கிட்டத்தட்ட 9 சதுர அடிதான், 8க்கு 4 முழு ஷீட்டு 32 சதுர அடி, அதனால முழுசா வாங்காம பிளைவுட் கடையில வெட்டு துண்டு கேளுங்க, அங்கயே மெஷின்ல நேரா அறுத்தும் குடுப்பாங்க, கை ரம்பத்துல அறுத்தா எவ்ளோ பொறுமையா அறுத்தாலும் ஒரு மில்லி கோணும், அந்த ஒரு மில்லிதான் பின்னாடி காத்து கசியுற இடம். பெட்டி சதுரமா இருக்கலாமா, குறிப்பிட்ட விகிதத்துல இருக்கணுமானு கேப்பாங்க, சப்வூஃபர் பாடுற இடத்துல அலை பெட்டியை விட பல மடங்கு நீளம், 40 சென்டிமீட்டர் பெட்டிக்குள்ள எதிரொலி பிரச்சனை 400 ஹெர்ட்ஸுக்கு மேலதான் வரும், அங்க சப்வூஃபருக்கு வேலையே இல்ல. கட்டிலுக்கு கீழ போற மாதிரி தட்டையா கூட கட்டிக்கோங்க, லிட்டர் சரியா இருந்தா போதும்.

எந்த மரம்னா, எம்டிஎஃப், அதாவது மர நாரை அழுத்தி செஞ்ச பலகை, வழவழப்பா இருக்கும், அறுக்க சுலபம், ஆனா தண்ணி பட்டா போச்சு. பார்ட்டிக்கிள் போர்டு வேணவே வேணாம். என்னோட ரெண்டாவது பெட்டி அதுலதான், ஒரு ஐப்பசி மழையில ஜன்னலோரமா வச்சிருந்தேன், அடிப்பலகை டீயில நனைச்ச ரஸ்க் மாதிரி உப்பி ஸ்க்ரூ எல்லாம் கையால உருவுற மாதிரி ஆயிடுச்சு. நம்ம ஊரு ஈரத்துக்கும் கரையானுக்கும் நல்ல 18 மில்லி பிளைவுட்தான் என் தேர்வு. எம்டிஎஃப் அறுக்கிறவங்க மூக்குல கர்ச்சீஃப் கட்டுறது பத்தாது, நல்ல மாஸ்க் போடுங்க, அந்த தூசி அவ்ளோ பொடி.

ஒட்டுற வேலையில அவசரமே கூடாது. விளிம்பு முழுக்க ஃபெவிக்கால் தடவி, 6 இன்ச்சுக்கு ஒரு ஸ்க்ரூ, ஆனா ஸ்க்ரூ போடுறதுக்கு முன்னாடி அதை விட சின்ன பிட்டுல டிரில் பண்ணிக்கணும், இல்லைனா பிளைவுட்டோட ஓரம் அடுக்கு அடுக்கா பிரிஞ்சுடும். அறுத்தப்போ விழுந்த மரத்தூளை கூட்டி எடுத்து வச்சுக்கோங்க, அதை ஃபெவிக்காலோட குழைச்சா சப்பாத்தி மாவு பதத்துக்கு வரும், உள்பக்கம் எல்லா மூலையிலயும் விரலால அதை இழுத்து பூசணும், எனக்கு இதை ஒரு ஆசாரி சொல்லிக் குடுத்தாரு, காஞ்சதும் மரம் மாதிரியே இறுகிடும். பெரிய பலகை நடுவுல ஆடும், கையை வச்சா சத்தத்துக்கு அதிர்றது தெரியும், அந்த அதிர்வு எல்லாம் வீணாப்போற பேஸ், அதனால உள்ள பக்கத்துக்கு பக்கம் ஒரு கட்டை குறுக்க வச்சு ஒட்டிடுங்க. வயர் வர்ற ஓட்டையை எம்-சீல் வச்சு அடைங்க. வூஃபர் உக்கார்ற ஓட்டையை வெட்டுறதுக்கு முன்னாடி உங்க கையில இருக்கிற வூஃபரையே கவுத்து அளந்துக்கோங்க, 10 இன்ச்சுனு சொல்றது வெளி விளிம்பு, ஓட்டை அதை விட சின்னது, விளிம்புக்கு அடியில ஜன்னலுக்கு ஒட்டுற ஃபோம் டேப் ஒரு சுத்து ஒட்டிட்டு ஸ்க்ரூ போடுங்க. உள்ள தலைகாணி பஞ்சு, அந்த பாலியெஸ்டர் பஞ்சு, உதிர்த்து லேசா நிரப்பினா காத்துக்கு பெட்டி கொஞ்சம் பெருசான மாதிரி இருக்கும், அடைச்சு திணிக்க கூடாது.

இப்போ குழாய் வச்ச பெட்டிக்கு வருவோம், போர்ட்டட்னு சொல்றது. கடம் வாசிக்கிறவங்களை கவனிச்சிருக்கீங்களா, பானை வாயை வயித்தோட சேர்த்து அழுத்தியும் விலக்கியும் வாசிப்பாங்க, அதுக்கேத்த மாதிரி அடி சுருதி ஏறி இறங்கும். பானைக்குள்ள இருக்கிற காத்து ஸ்பிரிங், வாயில இருக்கிற காத்து ஒரு எடை, ஸ்பிரிங்ல கட்டின எடை மாதிரி அது ஒரு குறிப்பிட்ட சுருதியில ஆடும், வாய் குறுகினா சுருதி இறங்கும். பெட்டியில குழாய் வைக்கிறதும் இதேதான். மூடின பெட்டியில வீணா அடைபட்டு கிடக்கிற பின்பக்க சத்தத்தை அந்த குழாய் ஒரு குறிப்பிட்ட சுருதியில திருப்பி முன்பக்கத்தோட சேர்த்து வெளிய விடும். இதுக்கு ஆல்பர்ட் துராஸ்னு ஒருத்தர் 1932லயே காப்புரிமை வாங்கியிருக்காரு.

குழாய் நீளத்துக்கும் கணக்கு இருக்கு. நம்ம வூஃபருக்கே 60 லிட்டர் பெட்டி, 30 ஹெர்ட்ஸ் சுருதினு வச்சுக்குவோம். குழாயோட உள் விட்டத்தை சென்டிமீட்டர்ல எடுத்து அதாலயே பெருக்கி, அதை 23562ஆல பெருக்கி, வந்ததை சுருதி தடவை சுருதி தடவை லிட்டர்ல வகுக்கணும், அதுல இருந்து விட்டத்தோட 0.732 பங்கை கழிக்கணும். 10 சென்டிமீட்டர் விட்டம்னா 36 சென்டிமீட்டர் நீளம் வருது, 7 சென்டிமீட்டர்னா 16 போதும். பிளம்பிங் கடையில 110 மில்லி பிவிசி பைப்னு கேட்டா உள்ள 10 சொச்சம் இருக்கும், அளந்துட்டு கணக்கு போடுங்க. குட்டி குழாய்தான் வேலை மிச்சம்னு போகாதீங்க, குறுகின குழாயில காத்து வேகமா போய் புஸ் புஸ்னு சத்தம் வரும், அமைதியான பாட்டுல அது தனியா கேட்கும். உள்முனைக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு விட்டம் அளவாவது இடம் விடணும், குழாய் எடுத்துக்கிற இடத்தையும் லிட்டர்ல சேர்த்துக்கணும்.

கட்டி முடிச்சுட்டு போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் ஒண்ணு போட்டு, சத்தத்தை கம்மியா வச்சு 50ல இருந்து மெல்ல மெல்ல கீழ இறக்கிட்டே வாங்க, ஒரு இடத்துல கோன் கிட்டத்தட்ட அசையாம நிக்கும், அதே நேரத்துல குழாய் வாயில பிடிச்ச டிஷ்யூ பேப்பர் படபடனு அடிக்கும். அதுதான் உங்க பெட்டியோட சுருதி. முதல் தடவை அதை பார்த்தப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, சத்தம் முழுக்க வெறும் ஓட்டையில இருந்து வருது, ஸ்பீக்கர் சும்மா உக்காந்திருக்கு. ஆனா அந்த சுருதிக்கும் கீழ இறங்கினா காத்து ஸ்பிரிங் கைவிட்டுடும், கோன் பிடிமானம் இல்லாம கண்டபடி ஆடும், காயில் இடிச்சு வூஃபர் செத்துப்போறது பெரும்பாலும் இப்படித்தான், அதனால குழாய் பெட்டினா ஆம்ப்ல அந்த ரொம்ப கீழ இருக்கிற சத்தத்தை வெட்டி விடுற சப்சானிக் ஃபில்டர் இருக்கணும். இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் பெட்டி மூடினதா கட்டுங்கனு சொல்வேன், அது அஞ்சு லிட்டர் தப்பா போனாலும் மன்னிக்கும், குழாய் பெட்டி மன்னிக்காது. க்யூடிஎஸ் 0.4க்கு மேல இருக்கிற வூஃபர் பொதுவா மூடின பெட்டியில நல்லா பாடும், 0.3, 0.35னு இறுக்கமா இருக்கிறது குழாய்க்கு ஏத்தது. 0.7க்கு மேலனா எந்த மூடின பெட்டியும் அதை 0.707க்கு கொண்டு வர முடியாது, பெட்டி க்யூவை ஏத்தத்தான் செய்யும்.

மூடின பெட்டி காஞ்சதும் கசிவு பாருங்க. ரெண்டு கை விரலையும் கோன்ல சமமா வச்சு மெதுவா அழுத்தினா, கையில பிடிச்சு அழுத்தினதை விட கெட்டியா, பந்தை அழுத்துற மாதிரி இருக்கணும். வித்தியாசமே தெரியலைனா எங்கயோ ஓட்டை இருக்கு. 20 ஹெர்ட்ஸ் டோனை சின்ன சத்தத்துல விட்டு, ஊதுபத்தி கொளுத்தி மூலை மூலையா ஓரத்துலயே கொண்டு போங்க, சரவுண்டு பக்கம் நெருப்பு படாம, கசியுற இடத்துல புகை நேரா போகாம வெட்டி வெட்டி ஆடும். அங்க ஃபெவிக்கால் மரத்தூள் இன்னொரு பூச்சு. வயர் மாட்டும்போது பிளஸ் மைனஸ் குழப்பம் இருந்தா ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை டெர்மினல்ல ஒரு நொடி தொட்டு பாருங்க, கோன் வெளிய வந்தா பேட்டரியோட பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ்.

வைக்கிற இடத்துக்கு ஒரு வழி சொல்றேன். நீங்க உக்கார்ற சோபா மேலயே பெட்டியை தூக்கி வச்சு, பேஸ் நல்லா வர்ற பாட்டை போட்டுட்டு, நீங்க தரையில மண்டி போட்டு சுவரோரமா நகர்ந்துட்டே கேளுங்க. ஒரு மூலையில வீங்கி கேட்கும், ஒரு இடத்துல பேஸே இருக்காது, எங்க ஒவ்வொரு அடியும் தனித்தனியா தெளிவா கேட்குதோ அங்க சாக்பீஸால ஒரு கோடு போட்டு பெட்டியை அங்க இறக்கிடுங்க. கிராஸ்ஓவரை, அதாவது எந்த ஹெர்ட்ஸுக்கு கீழ சப்வூஃபர் பாடணும்னு பிரிக்கிறதை, 80 ஹெர்ட்ஸ்ல வச்சு ஆரம்பிங்க, ஆம்ப்ல கோன் ஆடுற திசையை மாத்துற ஃபேஸ் ஸ்விட்ச் இருந்தா ரெண்டு பக்கமும் தள்ளி பார்த்து எதுல சத்தம் கூடுதோ அதுல விடுங்க.